ஒரு நாள் தப்பிய பௌர்ணமி

காத்மாண்டுவில் என் கைக்கடிகாரம் எப்போதும் கால் மணி நேரம் பின்தங்கியே இருக்கும். பழுதில்லை. இந்த நாட்டு நேரம் இந்திய நேரத்தைவிடப் பதினைந்து நிமிடம் முந்தியது. வந்த அன்றே திருத்தியிருக்கலாம்; நான்கு ஆண்டுகளாகத் திருத்தவில்லை. பால்கடையில் யாராவது மணி கேட்டால் மணிக்கட்டைப் பார்த்து, பதினைந்தைக் கூட்டிச் சொல்கிறேன். என் அறைச் சுவரில் தொங்கும் நேபாள நாட்காட்டியோ நம்முடையதைவிட அரை நூற்றாண்டுக்கும் மேல் முன்னால் ஓடுகிறது. அதன் ஒவ்வொரு கட்டத்திலும் ஓரமாகத் திதியைச் சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்தச் சின்ன எழுத்தை நம்பியதால் நேர்ந்ததை எழுதி வைக்கிறேன். ஊரில் இருப்பவர்கள் சிரிக்கலாம். என்னைப் போல் வெளியே இருப்பவர்கள் சிரிக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நான் திருவண்ணாமலைக்காரன். எங்கள் எம்.பி. ஏகாம்பரம் ஐயாவின் வேங்கிக்கால் அலுவலகத்தில் மனுப் பதிவேடு எழுதியவன். தேதி, பெயர், ஊர், குறை, என்ன ஆயிற்று என்று ஐந்து பத்திகள். திதியும் கிழமையும் கேட்டால் யோசிக்காமல் சொல்வேன் என்பதால் ஐயா என்னைப் ‘பஞ்சாங்கம்’ என்றுதான் கூப்பிடுவார். அவர் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிட்ட குடும்பம். ஒன்றியத்தில் தொடங்கி, இரண்டு முறை நாடாளுமன்றத்துக்குப் போனார். கொஞ்ச காலம் இணை அமைச்சராக இருந்தார். மூன்றாவது தேர்தலில் தோற்றார். தோற்றவரை என்ன செய்வதென்று டெல்லி யோசித்து, அண்டை நாடுகள் சேர்ந்து நடத்தும் ஒத்துழைப்பு அலுவலகத்துக்குத் தலைவராக இங்கே அனுப்பியது. “தமிழ்ல திட்டறதுக்கு ஒரு ஆள் வேணும்யா” என்று என்னையும் கூட்டி வந்தார். என் மனைவி செல்வி கீழ்பென்னாத்தூரில் பள்ளி ஆசிரியை. அவளால் வர முடியவில்லை.

ஐயாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எம்.பி.யாக இருந்தபோது டெல்லியில் எவ்வளவு வேலை இருந்தாலும் பௌர்ணமிக்கு ஊருக்கு வந்துவிடுவார். வெறுங்காலோடு மலையைச் சுற்றுவார். மனு கொடுக்க விரும்புகிறவர்கள் அவரோடு நடக்க வேண்டும். உட்கார்ந்து வாங்கமாட்டார். கலெக்டரானாலும் களை எடுப்பவரானாலும் நடந்துகொண்டேதான் பேச வேண்டும். மலைப்பக்கம் சித்தர்கள் நடப்பதாக நம்பிக்கை என்பதால் வலப்பக்கம் ஆள் வரக்கூடாது. மனுக்காரர்கள் எல்லாரும் இடது தோள் பக்கம். அவர் இடது கையை நீட்டுவார், தாள் வந்து விழும், அதைப் பின்னால் வரும் என் துணிப்பையில் போடுவார். அடி அண்ணாமலை வருவதற்குள் பை நிறைந்துவிடும்.

இங்கேயும் அதையே செய்தார். ஆற்றில் வெள்ளம் ஏறினால் மேலே இருக்கும் நாடு கீழே இருக்கும் நாட்டுக்கு உடனே சொல்ல வேண்டும் என்று ஓர் ஏற்பாடு. யாருக்கும் நஷ்டமில்லாத விஷயம். ஆனால் இந்த அலுவலகத்தில் எல்லா நாடும் ஒத்துக்கொண்டால்தான் ஒரு வரி நகரும். இரண்டு நாட்டுத் தூதர்கள் ஒரே மேசையில் உட்கார மறுத்தார்கள். ஐயா அவர்களைப் பௌத்தநாத் தூபிக்கு அழைத்துப் போய், இடப்பக்கம் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்தார். பதினோராவது சுற்றில் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டே சரி என்றார்; மற்றவரும் தலையாட்டினார். ஐயாவின் வாழ்க்கையில் பெரிய காரியம் எது என்று கேட்டால் நான் அதைத்தான் எழுதுவேன். நம் ஊர்ச் செய்தித்தாளில் அது வரவில்லை.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஒரு நேபாளி. அந்த வீட்டுக்காரருக்கு இந்தச் சுற்றும் பழக்கம் பிடித்திருந்தது. “உங்கள் ஊர் மலையில் எந்த மாதம் பனி விழும்?” என்று இந்தியில் கேட்டார். விழாது என்றேன். “அப்படியானால் அது ஹிமால் இல்லை, வெறும் பஹாட், குன்று” என்று ஆறுதல்போலத் தோளில் தட்டினார். சாமியே அந்த மலைதான் என்று சொல்ல என் இந்திக்குத் தெம்பில்லை. தலையாட்டிவிட்டு அறைக்கு வந்து, அன்றைய தேதி போட்டு அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டேன்.

இந்தத் தை மாதம் ஐயாவுக்கு ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. பதவியை நீட்டிக்கச் சம்மதமா என்று ஒன்று. திரும்பி வந்து தேர்தலில் நிற்கிறாயா என்று கட்சியிலிருந்து மற்றொன்று. இரண்டுக்கும் மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். அவர் என்னைக் கூப்பிட்டார்.

“பஞ்சாங்கம், வர்ற பௌர்ணமிக்கு ஊர்ல நடந்து பாப்போம். எவன்கிட்டயும் சொல்லாத. சொன்னா பேனர் கட்டிடுவானுங்க. தானா ஜனம் வந்து பக்கத்துல நடந்தா வந்துடலாம். இல்லன்னா இங்கயே கெடப்போம்.”

“வீட்டுல மட்டும் சொல்லிக்கிறேன் ஐயா.”

“உன் வீட்டுல சொன்னா ஸ்கூல்ல தெரியும். ஸ்கூல்ல தெரிஞ்சா ஜில்லாவுக்கே தெரியும்.”

அவர் திரும்பினால் நானும் திரும்பலாம். அன்று மாலையே சுவர் நாட்காட்டியில் பார்த்தேன். பூர்ணிமா, புதன்கிழமை. பயணச்சீட்டு எடுத்தேன்.

செவ்வாய் மாலை சென்னையில் விடுதி சன்னலிலிருந்து நிலவைப் பார்த்துவிட்டு ஐயா, “நாளைக்கி இன்னும் பெருசா இருக்கும்” என்றார். நான் சென்னையில் இருப்பது தெரியாத செல்வி தொலைபேசியில், “பஸ்ஸெல்லாம் ஒரே கும்பல்” என்றாள். ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிடுகிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன்.

புதன் பிற்பகல் மூன்றரைக்குக் கிரிவலப் பாதையில் இறங்கினோம். தடுப்புக் கம்பிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். துப்புரவுப் பணியாளர்கள் ஒற்றைச் செருப்புகளையும் தண்ணீர் பாட்டில்களையும் குவித்துக்கொண்டிருந்தார்கள். பூ விற்கும் பெண்ணிடம் கேட்டேன். “நேத்தே முடிஞ்சிட்சே சார்” என்றாள். அப்போதுதான் உறைத்தது. திதி செவ்வாய் மாலை பிறந்து புதன் பிற்பகல் முடிந்திருக்கிறது. நேபாளத்தில் சூரியன் உதிக்கும்போது எந்தத் திதியோ அதுதான் அன்றைய நாள். நம் ஊரிலோ இரவில் பௌர்ணமி நிற்கும் நாளில்தான் ஜனம் நடக்கும். பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். நாங்கள் விடுதியில் தூங்கிய இரவில் ஊர் நடந்து முடித்திருந்தது.

ஐயா செருப்பைக் கழற்றி என் பையில் வைத்துவிட்டு நடந்தார். பழக்கம் போல இடது தோள் பக்கம் இடம் விட்டிருந்தார். ஒரு ஆட்டோ ஹாரன் அடித்து அந்த இடத்தில் புகுந்து போனது.

அடி அண்ணாமலையில் டீக்கடைக்கார அம்மா பெரிய பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். டீ கொடுக்கும்போது முகத்தை உற்றுப் பார்த்தார்.

“நீங்க நம்ம எம்.பி. இல்ல? ஆளு எளைச்சிட்டீங்க. டெல்லிலதான இருக்கீங்க?”

“நேபாளத்துலம்மா.”

“அங்க எந்தக் கட்சி?”

“கட்சி இல்ல. சண்ட போடற நாடுங்களக் கூப்ட்டு ஒத்துமையாப் பேச வெக்கற வேல.”

“பஞ்சாயத்தா? ஒத்துக்கறாங்களா?”

“ஒருத்தர் வரலன்னாலும் கூட்டமே கெடையாது.”

“அப்ப எங்க பங்காளிங்க மாதிரிதான்” என்று அந்த அம்மா சிரித்தார். ஐயாவும் சிரித்தார். பிறகு, “குறை ஏதாச்சும் இருந்தா சொல்லும்மா, நடந்துக்கினே பேசலாம்” என்று இடது கையை லேசாக நீட்டினார்.

“ஏன் இல்ல, ஜாஸ்தியாவே இருக்குது. ஆனா நேத்து மொத்தமும் நின்னு காலு வீங்கிப் போச்சி, பாத்திரம் வேற கெடக்குது. நீங்க நடங்க சார்.”

மலையைத் தாண்டி நிலவு வந்தபோது கடைசித் திருப்பத்தில் இருந்தோம். கண்ணுக்கு முழு நிலவுதான். குறை எதுவும் தெரியவில்லை. “தப்பு என்னுதுங்க ஐயா. அடுத்த பௌர்ணமி வரைக்கும் டைம் கேக்கலாம்” என்றேன்.

“தப்பு உன்னுது மட்டும் இல்ல பஞ்சாங்கம். நீ புதன்கெழமன்னு சொன்ன, எனக்கும் தோணல பாரு. நேத்து நெலாவப் பாத்துட்டு நாளைக்கின்னு சொன்னது யாரு? பூ விக்கற பொண்ணுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. இந்த ஊருக்கு என்னிக்கி நாளுன்னு தெரியாதவன் எந்த மூஞ்சியோட ஓட்டு கேப்பான்?”

அங்கேயே நின்று வேட்டி மடிப்பை இறக்கிவிட்டார். நீட்டிப்புக்குச் சம்மதம் என்று பதில் தயார் செய்யச் சொன்னார்.

அன்று வீட்டுக்குப் போனபோது செல்விக்கு என்னைப் பார்த்த மகிழ்ச்சி கொஞ்ச நேரம்தான் இருந்தது. நடந்ததைச் சொன்னேன். “என்னிக்கின்னு என்ன ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே” என்றாள். வெள்ளிக்கிழமை என்னைப் பேருந்து ஏற்றிவிட்டாள்.

இப்போது மாதாமாதம் அவள்தான் பௌர்ணமி பிறக்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் எனக்குச் செய்தி அனுப்புகிறாள். வேறொன்றும் எழுதுவதில்லை. சில மாதங்களில் அது இங்கத்திய நாளோடு ஒத்துப்போகும். ஒத்துப்போகாத மாதங்களில் ஐயாவும் நானும் ஒரு நாள் முன்னதாகத் தூபிக்குப் போகிறோம். “பூர்ணிமா நாளைக்கு அல்லவா? இன்றே ஏன் வெறுங்கால்?” என்று வீட்டுக்காரர் வாசலில் கேட்கிறார். குளிருக்குக் கல்தரை சுடுவதுபோல் இருக்கிறது. ஐயா முன்னால், இடது தோள் பக்கம் இடம் விட்டு நடக்கிறார். நான் ஓர் அடி பின்னால், அதே துணிப்பையோடு. பை கனக்கத்தான் செய்கிறது. உள்ளே அவருடைய செருப்பும் என்னுடையதும் இருக்கின்றன.