மச்சானின் இடது கண்

என் தங்கச்சி புருஷனுக்கு வலது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அதை எடுத்தே விட்டார்கள். மிச்சமிருந்தது இடது கண். அந்த ஒரு கண்ணை நம்பித்தான் அவன், என் தங்கச்சி, நான் மூன்று பேரும் இருந்தோம்.

திருவொற்றியூரில், விம்கோ நகர்ப் பக்கம், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்று புகை விடுகிற சாலையிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு சந்தில் எங்கள் பட்டறை இருக்கிறது. இரும்பைக் கடைகிற லேத் என் பொறுப்பு, வெல்டிங் அவன் பொறுப்பு. நான் அவனை மச்சான் என்பேன், அவனும் என்னை மச்சான் என்பான். போர்டில் என்ன எழுதியிருந்தாலும் சந்துக்காரர்களுக்கு அது மச்சான் பட்டறைதான். நாங்கள் சண்டை போடாத நாள் கிடையாது. அவன் வெல்டிங்கைத் தாராளமாக அப்பி வைப்பான். அதைக் கடைந்து எடுப்பதற்குள் என் டூல் முனை மழுங்கிவிடும். "வெல்டிங் வச்சியா, களி கிண்டுனியா?" என்று கத்துவேன். "ஜாஸ்தியா இருந்தா சீவிக்கலாம். கம்மியா இருந்தா இன்னா பண்ணுவ?" என்பான். அதுவும் நியாயம்தான், ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

துறைமுகத்தில் ஓடுகிற கிரேன், லோடர், மண்வாரி எல்லாவற்றுக்கும் கை கால் மாதிரி இருப்பது, எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிற ஹைட்ராலிக் சிலிண்டர். அதற்குள்ளிருந்து பளபளவென்று வெளியே வந்து உள்ளே போகிற தண்டை ராடு என்போம். அது வளையும், கோடு விழும், உப்புக் காற்றில் குரோம் பூச்சு உரியும், முனையில் இணைப்பு ஆணி மாட்டுகிற வளையம் பிய்ந்துபோகும். பிய்ந்ததை வெட்டி எறிந்து, முனையைக் கடைந்து, புது வளையத்தை வைத்து, கேஸ் போட்டுச் சூடேற்றி வெல்டிங் வைத்து, மறுபடி கடைந்து அனுப்புவோம். சூடேற்றாமல் வைத்தால் வெல்டிங் ஓரமாக விரிசல் விடும். மேலே பாரம் தொங்கும்போது விரிசல் விட்டால் கீழே நிற்கிறவன் கதி அவ்வளவுதான். சூடேற்றுகிற விஷயத்தில் மட்டும் மச்சான் ஒருநாளும் அவசரப்பட்டது இல்லை.

ராடு பெரும்பாலும் கட்டி இரும்பாக இருக்கும். சிலது மட்டும் குழாய், உள்ளே ஒன்றும் இருக்காது. குழாய் என்றால் முதலில் சின்னதாக ஓர் ஓட்டை போட்டுவிட வேண்டும். மூடிக் கிடக்கிற குழாயைச் சூடேற்றினால் உள்ளே இருப்பது வெளியே வரப் பார்க்கும். எது கட்டி, எது குழாய் என்று அனுப்புகிறவன் சொல்லமாட்டான், பாதி பேருக்குத் தெரியவும் தெரியாது. எங்கள் சந்தில் அதற்கு ஒரே வழிதான். சுத்தியலால் ஒரு தட்டு. குழாய் 'ணங்' என்று இழுக்கும், கட்டி 'டொக்' என்று அடங்கிவிடும். சந்தேகம் வந்தால் மற்றப் பட்டறைக்காரர்களும் மச்சானைத்தான் கூப்பிடுவார்கள். அவன் வாயில் பீடியோடு போய் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வருவான்.

அன்று வந்தது காட்டுப்பள்ளிப் பக்கம் ஓடுகிற ஒரு லோடரின் ராடு. வளையம் பிய்ந்திருந்தது. மச்சான் தட்டினான், டொக் என்றது. நானும் கேட்டேன். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம், நல்ல கனம். "கட்டிதான் மச்சான், சக்குல போடு" என்றான். லேத்தின் பிடியான சக்கில் மாட்டி முனையைக் கடைந்து கொடுத்தேன். குழாய்க்குள் எண்ணெய் நிரம்பிக் கிடந்தால் அதுவும் டொக் என்றுதான் அடங்கும், கட்டி ராடு மாதிரியே கனக்கும் என்பது எங்கள் சந்தில் எவனுக்கும் தெரியாது. எங்களுக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் அந்த ராடை எங்கேயோ வைத்து ஒட்டியிருக்கிறான். அவன் வைத்த வெல்டிங்கில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை. சிலிண்டரின் அழுத்தத்தில் எண்ணெய் அதன் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க் குழாயை ரொப்பிவிட்டது. அந்த ஆள் மட்டும் என் கையில் கிடைத்தால் என்று எத்தனையோ தடவை பல்லைக் கடித்திருக்கிறேன். கிடைத்தால் மட்டும் என்ன செய்துவிடுவேன்? அவனும் எங்களை மாதிரி எவனாவதாகத்தான் இருப்பான்.

கேஸ் அடிக்கும்போது போடுகிற கறுப்புக் கண்ணாடியை மச்சான் அடிக்கடி நெற்றிக்கு ஏற்றிவிடுவான். சூடு போதுமா என்று இரும்பின் நிறத்தைப் பார்க்க வேண்டும். வைக்கோல் நிறம் நீலமாக மாறுகிறதா என்று கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்க்க முடியாது. அப்படிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வெடித்தது. சாலையில் லாரி டயர்தான் வெடித்தது என்று நினைத்தேன். திரும்பினால் மச்சான் தரையில் கிடக்கிறான். பழைய வெல்டிங் பிளந்து, கொதிக்கிற எண்ணெய் அவன் முகத்தில் அடித்திருந்தது. சட்டை புகைந்துகொண்டிருந்தது. சாக்கைப் போட்டு அமுக்கினேன். அவன் கத்தவில்லை. "மச்சான், லைட்டு போடு மச்சான், ஒண்ணும் தெரியல" என்றான். மட்ட மத்தியானம், கதவு முழுக்கத் திறந்து கிடந்தது.

ஆஸ்பத்திரியில் வலது கண்ணை எடுத்தார்கள். வலது காதிலும் பாதிதான் கேட்கும் என்றார்கள். இடது கண்ணைப் பற்றி டாக்டர் அம்மா என்னையும் தங்கச்சியையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். வெளிச்சம் தெரிகிறது. அதற்கு மேல் பார்வை வரலாம், வராமலும் போகலாம். தவறாமல் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வலி வந்தாலோ நீர் வடிந்தாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக்கூடாது, தாமதித்தால் இருக்கிற வெளிச்சமும் போய்விடும் என்றார். தங்கச்சி வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். "வெளிச்சம் தெரியுதுன்னு சொன்னாங்கல்லணா? அது போதும்ணா. மீதி தானா வரும்" என்றாள். நான் ஆமாம் என்றேன்.

அந்த ராடு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். லோடர்காரன் போனில் கேட்டதும் அதைத்தான். ஆள் எப்படி இருக்கிறான் என்று ஒரு வார்த்தை, அடுத்த மூச்சில் "ராடு எப்ப கெடைக்கும்?" வந்த ஆத்திரத்துக்கு போனைத் தூக்கி எறியப் பார்த்தேன். கடைசியில் நானேதான் முடித்தேன். முதலில் ஓட்டை போட்டேன். கறுப்பாக நாற்றமடித்த எண்ணெய் தட்டு நிறைய வடிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அழுதேன். வெல்டிங்கை எதிர்ப் பட்டறைக்காரர் வந்து வைத்துக் கொடுத்தார். இப்போதும் அது எங்கேயோ பாரம் தூக்கிக்கொண்டுதான் இருக்கும்.

மச்சான் வீட்டுக்கு வந்த பிறகு கண் தேறுவதாகச் சொல்ல ஆரம்பித்தான். முதலில் ஜன்னல் தெரிகிறது என்றான். பிறகு ஆள் நிழலாக வருவது தெரிகிறது என்றான். ஒருநாள் தங்கச்சி புடவைத் தலைப்பை அவன் முன்னால் நீட்டி, "இது இன்னா கலரு, சொல்லு" என்று கேட்டிருக்கிறாள். "உனக்கு நீலத்த வுட்டா வேற ஏது?" என்றானாம். நீலம்தான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே எனக்கு போன் செய்து, "அண்ணா, கலரு தெரியுதுணா அதுக்கு!" என்று அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவளிடம் இருக்கிற புடவையெல்லாம் நீலம்தான் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

இன்னொரு நாள் நான் வீட்டுக்குள் நுழைந்ததும், "இன்னா மச்சான், புதுச் சட்டையா? மாப்ள கணக்கா கீற" என்றான். புதுச் சட்டைதான். கஞ்சி வாசனை எனக்கே அடித்தது. அவன் வாசனையைப் பிடித்தானா, சட்டையைப் பார்த்தானா என்று ஒரு நிமிஷம் சந்தேகம் தட்டியது. கேட்கவில்லை. கேட்டு ஏதாவது தெரிந்துவிட்டால் தங்கச்சியிடம் என்ன சொல்வது என்று பயமாக இருந்தது.

அவன் என்னிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "வேற வெல்டர வச்சுடாத மச்சான். இன்னும் கொஞ்ச நாள்ல நான் வந்துடுவேன். கீற ஒரு கண்ணு போதாதா?" என்றான். நான் ஆள் வைக்கவில்லை. வெல்டிங் வேலையை எதிர்ப் பட்டறைக்குக் கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அவனுடைய முகமூடி ஆணியில் தொங்கியபடியே கிடந்தது. "பாவம் பாத்து நீயும் கவுந்துடாதபா" என்று சந்தில் சொன்னார்கள். அவர்களிடம் எரிந்து விழுந்தேன்.

ஆனால் அவன் ஆஸ்பத்திரிக்கு மட்டும் வரமாட்டேன் என்றான். ஒருமுறை வந்ததோடு சரி. "நல்லாத்தான் தெரியுது, அங்க போயி வரிசைல குந்திகினு இன்னாத்துக்கு பேஜாரு?" என்பான். காலையில் அவன் தலையணை ஈரமாக இருக்கிறது என்று தங்கச்சி சொன்னாள். வேர்வை என்றானாம். நான் போய்க் கத்தினேன். "யோவ், வலிக்குதா இல்லையா, உண்மையச் சொல்லு!" "வலியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. என்ன இன்னா கொயந்தன்னு நெனச்சியா?" என்று அவனும் கத்தினான். கத்தியதைக் கேட்டதும் பழைய மச்சானாகத் தெரிந்தான். அந்த நிம்மதியில் நான் எழுந்து வந்துவிட்டேன்.

வெயில் கொளுத்திய ஒரு நாள், வீட்டிலேயே குந்திக் கிடக்க முடியவில்லை, பட்டறைக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தான். தங்கச்சி மத்தியானச் சாப்பாட்டையும் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் கூட்டி வந்தாள். வாசலில் ஸ்டூல் போட்டேன். சந்தைப் பார்த்து உட்கார்ந்தான். லேத் எண்ணெய் வாசனை வந்ததுமே முகம் தெளிந்துவிட்டது. வருகிற போகிறவர்கள் நின்று விசாரித்தார்கள். குரலை வைத்து ஒவ்வொருத்தரையும் வம்புக்கு இழுத்தான். "இன்னாயா, தொப்ப போட்டுகின?" என்று ஒருவரைக் கேட்டான், அவரும் சிரித்தார். தங்கச்சி முகத்தில் அத்தனை பெருமை. "பாத்தியாணா?" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

கரண்ட் போனது. எதிர்ப் பட்டறையில் ஜெனரேட்டரைப் போட்டார்கள். அது ஓடினால் சந்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதுகூடக் கேட்காது. வாசலில் நிறுத்தியிருந்த லாரியின் சேஸிஸில் எதிர்ப் பட்டறைக்காரர் வெல்டிங்கைப் பற்றவைத்தார். எங்கள் வாசலுக்கு நேர் எதிரே, பத்தடி தூரத்தில்.

வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்தால் ராத்திரி முழுக்கக் கண்ணில் மணலைக் கொட்டிய மாதிரி உறுத்தும், தூங்க முடியாது. எங்கள் சந்தில் நாய்கூடத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தங்கச்சி தலைப்பை எடுத்துக் கண்ணை மறைத்துக்கொண்டாள். பைக்கில் போனவன் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு போனான். மச்சான் மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நீல வெளிச்சம் அவன் முகத்தில் வெட்டி வெட்டி அடித்தது. இடது கண் முழுதாகத் திறந்திருந்தது. இமைகூட ஆடவில்லை. ஆயுசெல்லாம் வெல்டிங் செய்தவன் அவன்.

எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டர் தெரிகிறது என்று சொன்னாரே, அந்த வெளிச்சம்கூட அவனுக்கு இல்லை. எப்போது போனது என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

தங்கச்சி தலைப்பை விலக்கினாள், அவனைப் பார்த்தாள். பதறிப்போய் ஓடி அவன் இடது காதருகே குனிந்து கத்தினாள். "யோவ், அந்தாண்ட திரும்புயா! வெல்டிங் வுட்டுகினு கீறாங்க! கீற கண்ணும் பூடும்யா!"

அவள் கத்தி முடிப்பதற்குள் எதிர்ப் பட்டறைக்காரர் நிறுத்திவிட்டு வேறு வெல்டிங் குச்சி மாட்டிக்கொண்டிருந்தார். அங்கே வெளிச்சமே இல்லை. மச்சான் அவசரமாகக் கையை உயர்த்திக் கண்ணை மறைத்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபக்கம் திரும்பினான்.

"ஆமாமா, எப்பா, இன்னா வெளிச்சம்! கண்ணு கூசுது" என்றான்.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. லேத் பக்கம் போய் சும்மா சக்கைத் துடைத்துக்கொண்டு நின்றேன். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் சாப்பாட்டைப் பிரித்தாள். தட்டை அவன் மடியில் வைத்தாள். அதுவரைக்கும் தட்டை வைத்துவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விடுவாள், அவனே சாப்பிட்டுக்கொள்வான். அன்று அவன் கையைப் பிடித்துத் தட்டின் மேல் ஒவ்வொரு இடமாக வைத்தாள். "இது சோறு. இங்க கொழம்பு. மீன் இந்த ஓரமா கீது, முள்ளு எடுத்துட்டேன்" என்றாள். அவன் தலையாட்டினான்.