திண்டிவனத்துக்குத் திருவண்ணாமலை பஸ்

ஜப்பானிய வகுப்பில் என் சித்தப்பா மகளைவிட நான் எதிலெல்லாம் மேல் என்று மனதுக்குள் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். என் எழுத்து அழகு. எனக்குச் சொற்கள் அதிகம் தெரியும். வீட்டுப்பாடம் தவறியதில்லை. கல்லூரியில் இருவரும் இயந்திரப் பொறியியல்தான்; அதிலும் என் மதிப்பெண்தான் அதிகம். ஆனால் ஆசிரியர் கேள்வியை முடித்த அதே மூச்சில் அவள் பதில் சொல்லிவிடுவாள்.

ஒசாகா பக்கம் ஒரு தொழிற்சாலை எங்கள் வகுப்பிலிருந்து ஒருவரை எடுப்பதாக இருந்தது. ஜப்பானிய மொழியிலேயே நேர்காணல். அந்த இடம் எனக்கு வேண்டும்.

எங்களுடையது சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் இரவுச் சாப்பாடு முடிந்துவிடும். செஞ்சியில் மற்ற வீடுகளில் உலை வைக்கிற நேரத்தில் நாங்கள் கைகழுவி, ஒரே மடிக்கணினியின் முன் உட்கார்ந்திருப்போம். ஆசிரியர் சென்னையிலிருந்து நடத்துவார். ஒருநாள் நீளமாக ஒன்று கேட்டார். தமிழில் சொன்னால், "நேற்று நின்றுபோன இயந்திரத்தைப் பழுது பார்த்தவருக்கு உதவியது யார்?" நான் வழக்கம்போல ஆங்கிலமாக்கத் தொடங்கினேன். ஆங்கிலத்தில் 'யார்' முதலில் வரவேண்டும். அதற்காகக் காத்திருந்தேன். அது கடைசியில் வந்தபோது இயந்திரம் மட்டும் கையில் இருந்தது. பழுது பார்த்தவர் யார், உதவியவர் யார் என்பதெல்லாம் சிதறிப்போயிருந்தது. அதற்குள் அவள் பதில் சொல்லி, ஆசிரியரைச் சிரிக்கவும் வைத்துவிட்டாள்.

மறுநாள் சாப்பிடும்போது கௌரவத்தை விட்டுக் கேட்டேன். "எப்படிடி அவ்ளோ சீக்கிரம் புரியுது?"

"இன்னாக்கா எப்படி? அவங்களும் நம்மள மாதிரிதான் பேசுறாங்க. நான் பாட்டுக்குக் கேட்டுனே போறேன்."

"இங்கிலீஷ்ல மாத்திப் பாக்க மாட்டியா?"

"எதுக்கு? திண்டிவனம் போறவ எதிர்ப்பக்கம் போற திருவண்ணாமலை பஸ்லயா ஏறுவா?"

நைனா சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: "ஏறட்டும்மா, அதுவும் திரும்பி வரும். இன்னா, கொஞ்சம் லேட்டாவும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது. இருவரும் படித்தது ஒரே ஆங்கிலப் பள்ளி. படிப்பு என்றால் ஆங்கிலத்தில்தான் தலைக்குள் நுழையும் என்று எனக்குப் பழகியிருந்தது. அவளுக்கு அந்தப் பழக்கம் ஒட்டவே இல்லை. உழைத்துப் பெற்றிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

அதன்பிறகு பஸ்ஸில் போகும்போதெல்லாம் காதில் ஜப்பானிய உரையாடல்தான். ஆங்கிலம் எட்டிப் பார்த்தால் விரட்டினேன். மெல்லப் பிடிபட்டது: ஒவ்வொரு சொல்லும் தன் வேலையைச் சொல்லும் ஒட்டோடுதான் வருகிறது, நம் 'இயந்திரத்தை', 'அவருக்கு' போல. முடிவுவரை காத்திருக்காமல் சொற்கள் வர வர அடுக்கிக்கொள்ளலாம்.

நேர்காணலில் முதல் இரண்டு கேள்விகளும் அப்படியே புரிந்தன. மூன்றாவது நீளமானது. பதற்றத்தில் பழைய பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன். நான் திரும்பி வருவதற்குள் அவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

அவளுக்குக் கிடைத்தது. விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து வாழ்த்தினேன், பாதி மனதோடு.

இப்போது அடுத்த தேர்வுக்கு நான் மட்டும் மடிக்கணினி முன் உட்காருகிறேன். நேற்று ஆசிரியர் கேள்வியை முடித்த அதே மூச்சில் பதில் சொன்னேன். "அடேயப்பா!" என்றார். சட்டென்று பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அதைக் கேட்டிருக்க வேண்டியவள் ஒசாகாவில் இருக்கிறாள்.