டியூப் கட்டிய பட்டன்

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பாவுக்கு ஆவடியில் டிஃபன்ஸ் ஃபாக்டரி வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. பெண் டைப்ரைட்டிங் முடித்துவிட்டு ஃபேன் காற்றில் உட்கார்ந்து வேலை பார்ப்பாள் என்று அவர் சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். நான் போனதோ பவர் பிரஸ் ஓட்ட. வண்டிக் கதவுகளுக்குப் போகும் சின்னத் தகடுகளை ஒரு பெரிய கம்பெனிக்குச் செய்துகொடுக்கும் இடம் அது.

பிரஸ்ஸைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே ஒரு இரும்புத் தலை, கீழே டை என்கிற அச்சு. நடுவில் தகட்டை வைத்துவிட்டுப் பட்டனை அமுக்கினால் தலை இறங்கும், தகடு வளைந்து துளையோடு வெளியே வரும். தகடு வைக்கிற இடமும் தலை இறங்குகிற இடமும் ஒன்றேதான். நாள் முழுக்க நம் கை அங்கே போய்விட்டுத் திரும்பி வர வேண்டும். ஒரே ஒரு முறை திரும்பி வராமல் போனால் போதும்.

அதற்காகத்தான் மிஷினில் இரண்டு பட்டன் வைத்திருந்தார்கள், இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் தலை இறங்கும். இரண்டு கையும் வெளியே இருந்தாக வேண்டும் என்று யோசித்து வைத்தவன் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

எங்கள் ஷெட்டில் இடது பட்டனைப் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி இழுத்துக் கட்டியிருந்தார்கள். அது எப்போதும் அமுங்கியே இருக்கும். இடது கை தகட்டை உள்ளே தள்ளும், வலது கை தட்டும். தள்ளு, தட்டு, தள்ளு, தட்டு. கட்டியது யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. நான் சேரும்போதே எல்லா மிஷினிலும் அது இருந்தது.

எனக்குப் பயம். அதைச் சொல்ல இன்றைக்கு வெட்கமில்லை. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றைப் பிசையும் விரல்களைப் பார்ப்பேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும் போது பார்ப்பேன். ஜெபம் செய்யும்போது கண்ணை மூடாமல் கையையே பார்த்துக்கொண்டிருந்ததற்கு அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

ஒரு நாள் துணிந்து என் மிஷினில் டியூப்பை அவிழ்த்துவிட்டு இரண்டு கையாலும் ஓட்டினேன். மத்தியானம் ஆகியும் என் டிரே பாதிதான் நிறைந்திருந்தது. சூப்பர்வைசர் டிரேயைப் பார்த்துவிட்டுப் போனார். பக்கத்து மிஷின்காரி சிரித்தாள்.

"இன்னாடி, ரெண்டு கையும் வெச்சிகினு பிரஸ்ஸ கும்புட்டுகினு கீறியா? சாமி எறங்கி வரப்போது பாரு."

மறுநாள் நானே டியூப்பை மறுபடி கட்டிக்கொண்டேன். அவள் பாரிவாக்கத்திலிருந்து வருகிறவள். பூந்தமல்லி வரைக்கும் நடந்து வந்து, அங்கே பஸ் பிடித்து, எங்களுக்கெல்லாம் முன்னால் வந்து நிற்பாள். அப்பா இல்லாத வீடு. தங்கை கல்யாணத்துக்கு நின்றாள். எங்களில் அவள் கைதான் வேகம். பேசிக்கொண்டே ஓட்டுவாள், சிரித்துக்கொண்டே ஓட்டுவாள், தலையைத் திருப்பி என்னைக் கிண்டல் செய்துகொண்டே ஓட்டுவாள். அவள் தலையைத் திருப்பும்போதெல்லாம் "முன்னால பார்த்து ஓட்டுடி" என்று கத்துவேன். "உன் வேலைய பாரு, பயந்தாங்கொள்ளி" என்பாள்.

முதலாளி நல்லவர். இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது சம்பளம் பிடிக்காமல் லீவு கொடுத்தார். "சாப்டியாம்மா?" என்று கேட்காமல் எங்களைத் தாண்டிப் போகமாட்டார். தினமும் காலையில் வரிசையாக ஒவ்வொரு பிரஸ்ஸுக்கு முன்னாலும் நிற்பார். வந்த தகட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார், ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பார். தகட்டில் மயிரிழை பிசிறு இருந்தாலும் அவர் கண்ணில் படும். பட்டன் மேல் கட்டியிருந்த கறுப்பு டியூப் மட்டும் படவில்லை. நிஜமாகவே படவில்லையா, பட வேண்டாம் என்று இருந்தாரா என்று எனக்கு இன்னும் தெரியாது.

அந்த வருஷத்து ஆயுத பூஜை வந்தது. மற்ற கம்பெனிகளில் மிஷினை நிறுத்திக் கழுவி, சந்தனம் வைத்து, மாலை போட்டுக் கும்பிடுவார்கள். எங்கள் கம்பெனியில் மட்டும் வேறு வழக்கம். முன்பு ஒரு தடவை பூஜை நேரத்தில் கரண்ட் போய், அந்த வருஷம் முழுக்க ஆர்டர் மந்தமாகிவிட்டதாம். அதிலிருந்து நின்ற மிஷினுக்குப் பூஜை கிடையாது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பொட்டு வைக்க வேண்டும், கற்பூரம் காட்டியதும் ஒவ்வொரு பிரஸ்ஸும் ஒரு தகடு அடிக்க வேண்டும்.

நான் குங்குமம் வைத்துக்கொள்கிறதில்லை என்பதால் பூஜை நாளில் ஒதுங்கி மெயின் சுவிட்ச் போர்டு பக்கம் நிற்பேன். பொரியும் சுண்டலும் வரும்போது முன்னால் வருவேன். அன்றும் அங்கேதான் நின்றேன். எல்லா மோட்டாரும் ஓடுகின்றன, டேப்பில் நாதஸ்வரம் அலறுகிறது. முதலாளியின் மனைவி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கையில் வெள்ளிக் குங்குமச் சிமிழோடு மிஷின் மிஷினாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே முதலாளி, தோளில் சாமந்தி மாலைகளோடு.

பாரிவாக்கத்துக்காரியின் பிரஸ்ஸுக்கு வந்தார்கள். பட்டன்கள் இருக்கும் இடத்தில் ஏற்கெனவே பூச்சரம் சுற்றியிருந்தது. டியூப்பும் தெரியவில்லை, பட்டனும் தெரியவில்லை. அந்த அம்மாள் மிஷினின் நெற்றியில் பொட்டு வைத்தார். அப்புறம், வேலை நடக்கிற இடத்தில் வைக்க வேண்டாமா என்று நினைத்தாரோ என்னவோ, குனிந்து டைக்குள் கையை நீட்டினார். முதலாளி மாலையை மாட்டுவதற்காக மிஷினின் வலது பக்கம் கையைக் கொண்டுபோனார்.

பூவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். "அம்மா, கை!" என்று கத்தினேன். அப்படி ஒரு சத்தம் என் தொண்டையிலிருந்து அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. கத்திக்கொண்டே மெயினை இழுத்தேன். அதற்குள் டம் என்று தலை இறங்கிவிட்டது.

நாதஸ்வரம் நின்றது. விளக்கெல்லாம் அணைந்தது. வாசல் வெளிச்சத்தில் டையின் மேல் சிவப்பாகச் சிதறியிருந்தது. யாரோ "ஐயோ" என்றார்கள். முதலாளி மாலையைப் பிடித்த கையோடு அப்படியே நின்றார், அவர் முகத்தில் உயிரே இல்லை.

அது குங்குமம். அந்த அம்மாள் பதறிக் கையை இழுத்ததில் சிமிழ் உள்ளே விழுந்திருக்கிறது. வெள்ளிச் சிமிழ் காகிதம்போல் நசுங்கிக் கிடந்தது. அவர் தன் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் கத்தியதால் அவர் கையை எடுத்தாரா, நான் கத்தியதில் திடுக்கிட்டுத்தான் முதலாளியின் கை பட்டனில் பட்டதா என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

முதலாளி பூச்சரத்தை விலக்கிப் பார்த்தார். "யாரு இதைக் கட்டினது?" என்றார்.

"எல்லா மிஷின்லயும் கட்டித்தான் சார் கீது" என்றாள் பாரிவாக்கத்துக்காரி.

"நானா கட்டச் சொன்னேன்?"

"நீங்க சொல்லல சார். நீங்க கேக்கற கணக்குக்கு ரெண்டு கையால அமுக்கினா ஆவாது சார்."

ஸ்டூலில் இருந்த அம்மாள்தான் தலையை நிமிர்த்தி, "எல்லாத்தையும் அறுத்துப் போடுங்க. இப்பவே" என்றார். முதலாளி பிளேடை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு மிஷினாகப் போய்த் தன் கையாலேயே அறுத்தார். சாமந்திப் பூவும் டியூப் துண்டுமாகத் தரையில் கிடந்தது. அன்று யாரும் பொரி சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு சில வாரம் நான் நிம்மதியாக இருந்தேன். இரண்டு கையாலும் ஓட்டினோம். தகடு பாதிக்குப் பாதிதான் வந்தது. முதலாளி பெரிய கம்பெனிக்குப் போய், இனிமேல் இவ்வளவுதான் கொடுக்க முடியும் என்று காரணத்தையும் சொன்னார். அவர்கள் காபி கொடுத்து மரியாதையாக உட்காரவைத்து, உங்கள் ஷெட்டில் நீங்கள் எப்படிச் செய்தாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, சரக்கு மட்டும் நேரத்துக்கு வர வேண்டும் என்றார்களாம். அடுத்த மாதம் அந்த ஆர்டர் பக்கத்துத் தெருவில் இருந்த இன்னொரு ஷெட்டுக்குப் போனது. அதே டை, அதே தகடு, அதே கணக்கு.

எங்களுக்கு ஓவர்டைம் நின்றது. பாரிவாக்கத்துக்காரி கணக்கை முடித்துக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குக் கிளம்பினாள். கேட் வரைக்கும் பின்னாலேயே போய்க் கெஞ்சினேன்.

"அங்க டியூப் கட்டித்தான்டி ஓட்டுவாங்க. போகாதே."

"இங்க ஓவர்டைம் இல்ல. தங்கச்சி கல்யாணத்த நீ பண்ணி வெக்கிறியா? எனக்கு இன்னா, ஆசையா?"

அப்புறம் என் பயத்துக்கு வேளை கிடையாது. பஸ் ஸ்டாப்புக்கு அந்த ஷெட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். வெளியில் நின்றாலே பிரஸ் இறங்கும் சத்தம் கேட்கும். இரண்டு பட்டனில் ஓடுகிற மிஷினுக்கு ஒரு நிதானம் உண்டு. அங்கே அந்த நிதானம் இல்லை, படபடவென்று போய்க்கொண்டிருந்தது. எந்தச் சத்தம் அவளுடையது என்று எனக்குத் தெரியாது. ஏதாவது ஒரு மிஷின் நடுவில் நின்றால் நானும் நின்றுவிடுவேன். மறுபடி ஓட ஆரம்பித்த பிறகுதான் கால் நகரும். அவளைப் பார்க்கும் நாளில் முதலில் கையைத்தான் பார்ப்பேன். அவளுக்கு எரிச்சல் வரும். "இன்னாடி என் கையையே மொறைக்கிற? கண்ணு வெக்காத" என்பாள்.

பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம் அந்த ஷெட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. வாசலில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். யார் என்று நான் கேட்காமலே சொன்னார்கள்.

தங்கையின் கல்யாணம் தள்ளிப்போனது. அந்த ஷெட்காரர் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். வெயில் காலத்தில் ஒரு நாள் அவள் எங்கள் கேட்டில் வந்து நின்றாள். இடது கையை முந்தானையால் மூடியிருந்தாள். நான் பார்க்கட்டும் என்று தானே முந்தானையை எடுத்தாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை.

"அழுவாத. உங்க மிஷின்ல பட்டன அமுக்க உள்ளங்கை போதும்டி. மொதலாளியாண்ட கேட்டுப் பாரு. நல்ல மன்சன்."

கேட்டேன். ஆர்டரே இல்லையேம்மா என்றார் முதலில். மேஜை மேல் இருந்த தகடு ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் உண்மையைச் சொன்னார்.

"அந்தக் கையைத் தினமும் என்னால பார்க்க முடியாதும்மா."

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது. வேலை போய்விடும் என்று தெரியும், ஆனாலும் சொல்லிவிட்டேன். "அந்தக் கை முழுசா இருந்தப்ப தினமும் பக்கத்துல வந்து நின்னீங்க சார். அப்ப பார்க்கல. இப்பவாவது பாருங்க."

வீட்டில் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன். கடைசியில் அவர் தகட்டைக் கீழே வைத்தார்.

"பிரஸ் வேணாம். செக்கிங் டேபிள்ல உட்காரட்டும். திங்கட்கிழமை வரச் சொல்லு."

அவள் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். செக்கிங் டேபிள் முன்வாசலை ஒட்டிப் போட்டிருந்தது, யார் உள்ளே வந்தாலும் அவளைத் தாண்டித்தான் வர வேண்டும். இடது கையை மேஜை மேல் வைத்து, வலது கையால் தகடுகளை எடுத்து எடுத்துப் பார்த்தாள். முதலாளி வந்ததும் எழுந்து நன்றி சொல்ல வேண்டுமாம், வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் மிஷினிலிருந்து பின்பக்கச் சந்து தெரியும். ஸ்கிராப் கொட்டி வைக்கிற இடம், யாரும் நடக்கமாட்டார்கள். முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இரும்புத் துண்டுகளுக்கு நடுவே காலை வைத்து வைத்து அந்த வழியாக வந்து தன் அறைக்குள் போனார்.

"சார் இன்னும் வர்லியாடி?" என்று அவள் அங்கிருந்து கேட்டாள்.

அவர் வந்து நேரமாகிவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.