வைரஸ் காவலை நானே நிறுத்தினேன்

மத்தியானத்தில் எங்கள் அலுவலகத்தில் பஞ்சு மிதக்கும். பக்கத்து அறையில் துணி வெட்டுவார்கள். அங்கிருந்து கிளம்பும் மெல்லிய தூசி எப்படியோ உள்ளே வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஏறாமலும் இறங்காமலும் நின்றுகொண்டிருக்கும். அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் என் கணினி இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளை நினைத்தால் முதலில் வருவது அந்த மிதப்புதான். என் தவறும் அந்த மிதப்பில்தான் நடந்தது என்று சொல்லலாம். ஆனால் அது சமாதானம் ஆகிவிடும். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

திருப்பூரில் ஒரு நடுத்தர பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் நான் மேலாளர். முதுகலை படித்தவன் என்பதால் வெளிநாட்டுக் கடிதங்கள் எல்லாம் என் மேசைக்கு வரும். குழந்தைகளின் உடுப்பில் பூத்தையல் கேட்டு ஆர்டர்கள் வரத் தொடங்கிய சமயம் அது. எம்பிராய்டரி இயந்திரத்துக்குப் படத்தைக் காட்டினால் போதாது. ஊசி எங்கே இறங்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று ஒவ்வொரு தையலையும் கணினியில் குறித்துக் கொடுக்க வேண்டும். அந்த வேலைக்கு எங்கள் ஊரில் பஞ்சிங் என்று பெயர். அதற்கான மென்பொருளை முறைப்படி வாங்கினால், கணினியின் முதுகில் செருக ஒரு சின்னப் பூட்டும் கொடுப்பார்கள். பூட்டு இல்லாவிட்டால் அது திறக்காது.

விலையைச் சொன்னதும் முதலாளி சிரித்தார். துணியை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தே எதையும் வாங்கிப் பழகியவர்.

"ஏனுங்க சார், கையில புடிச்சுப் பாக்க முடியாத சாமானுக்கு ஒரு மிஷின் வெலைங்களா? அதுல நூலாச்சும் இருக்குதுங்களா?"

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடையில் அதே மென்பொருள் சிடியில் கிடைத்தது. மேலே மார்க்கர் பேனாவால் பெயர் எழுதியிருந்தது. பூட்டு தேவையில்லை என்றார் கடைக்காரர். சிடிக்குள் நான்கு வரிக் குறிப்பு ஒன்று, நல்ல ஆங்கிலத்தில். முதல் வரி: ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டுப் பிறகு நிறுவவும். ஏன் என்று அது சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தேர்வுத் தாளின் குறிப்புகளை வரி பிசகாமல் பின்பற்றித் தேறியவன் நான். திரையின் மூலையில் சிவப்பு எச்சரிக்கை இரண்டு முறை எழுந்தது. முகத்தருகே வந்த கொசுவைத் தள்ளுவதுபோல் அதைத் தள்ளினேன்.

பிறகு பூக்கள் வந்தன. கறுத்த திரையில் ஒரு தாமரை இதழ் இதழாகத் தைத்துக்கொள்ளும். ரோஜாவைச் சொடுக்கினால் நீலமாகும், இன்னொரு முறை சொடுக்கினால் சந்தன நிறமாகும். சாயப்பட்டறைத் தண்ணீர் ஓடும் வாய்க்காலை விடியற்காலையில் பார்த்தவர்களுக்குத் தெரியும், நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று உறங்கியபடி போவது. அந்த மத்தியானங்களில் நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். ஆயுத பூஜையன்று கணினிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். ஆன்டிவைரஸை மீண்டும் இயக்கும் எண்ணமே இல்லை. இயக்கினால் பூ திறக்காது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

நான் சின்னத் திருத்தங்கள்தான் செய்வேன். புதிய பூக்களை வரைந்து தருவது ஒரு பெண்மணி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கணவரோடு பிழைக்க வந்தவர். வீட்டின் முன்னறையில் அவருடைய கணினி, பின்கட்டில் கணவர் ஓட்டும் எம்பிராய்டரி இயந்திரம். அந்தக் கணினியின் முதுகில் பூட்டு இருந்தது. "இது ஒரிஜினல் சார்" என்று ஒருமுறை தொட்டுக் காட்டினார். ஆறு வருடப் பூக்கள் அதற்குள் இருந்தன. எண் போட்டு வைக்க மாட்டார். 'மழைக்கு முந்தின பூ', 'தலை சாஞ்ச பூ', 'கோவக்காரப் பூ' என்று பெயர் வைத்திருப்பார். ஊரிலிருந்து தங்கை பதிந்து அனுப்பிய கோயில் பாட்டு சிடியைக் கணினியில் ஓடவிட்டுக்கொண்டு வரைவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பாட்டு கேட்கும்.

எங்கள் ஊரில் துணி ஒரே கூரையின் கீழ் சட்டையாவதில்லை. பின்னுவது ஓரிடம், சாயம் ஓரிடம், வெட்டுவது மட்டும் எங்களிடம், பூத்தையல், தைப்பது எல்லாம் வேறு வேறு தெரு. வெட்டிய துண்டுகளை மூட்டை கட்டி அனுப்புவோம். பென்டிரைவ் வந்த பிறகு, திருத்திய பூப்படத்தை ஏற்றி அதையும் ஒரு துண்டுத் துணியில் முடிந்து மூட்டையின் கழுத்தில் கட்டிவிடுவோம், பிள்ளைக்குத் தாயத்துக் கட்டுவதுபோல. மூட்டை போகும் வீட்டுக்கெல்லாம் அதுவும் போகும்.

ஒரு காலையில் என் கணினியில் ஒவ்வொரு கோப்புறையும் இரண்டாகத் தெரிந்தது. ஒன்றைத் திறந்தால் திரை ஒரு நொடி கண் மூடித் திறந்தது. கணினி பழுது பார்ப்பவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "நாளைக்கு வந்து பாக்கறனுங்க. அதுவரைக்கும் பென்டிரைவ் எதையும் வெளிய குடுத்துராதீங்க சார்" என்றார்.

சாம்பிள் அந்த வாரம் விமானம் ஏற வேண்டும். அந்தப் பெண்மணியின் வீட்டுக்குப் போக வேண்டிய மூட்டை கட்டித் தயாராக இருந்தது. ஒரு நாள்தானே, ஒரு படம்தானே என்று பென்டிரைவை முடிந்து அனுப்பினேன். தெரிந்தே அனுப்பினேன்.

மறுநாள் வந்தவர் என் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"இங்க குடியிருக்கறது ஒன்னு ரெண்டு இல்லீங்க சார். இந்தச் சிடியில பூட்டை ஒடைக்கறதுக்குன்னு ஒரு புரோகிராம் இருக்குது பாருங்க, அதுகூடவே வந்திருக்குதுங்க. ஆன்டிவைரஸை ஆருங்க நிறுத்துனது?"

"நான்தான். அதில் எழுதியிருந்தது."

"திருடன் சீட்டு எழுதி வெச்சானாமா, நாயக் கட்டிப் போடுங்கன்னு. நீங்களும் கட்டிட்டீங்க. படிச்சவிங்களுக்குத்தானுங்க இதெல்லாம் வரும். நானெல்லாம் அந்தச் சீட்டப் படிக்கவே மாட்டன்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பென்டிரைவ் போனதை அவரிடம் சொல்லவில்லை.

மூன்று நாள் கழித்து அந்த வீட்டுக்குப் போனேன். வாசலில் பாட்டு கேட்கவில்லை. முன்னறையில் அவர் நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்திருந்தார். திரையில் பூக்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. எதைத் திறந்தாலும் உள்ளே வெறும் கறுப்பு. வேறு பிரதி வைத்திருக்கவில்லை. எல்லாம் அந்த ஒரே பெட்டியில்தான்.

"எல்லாம் போச்சு சார். நாந்தான் கெடுத்துட்டேன். பாட்டு கேட்டா கை ஓடும்னு அந்தச் சிடியப் போட்டேன்லா. அதுலதான் வந்திருக்கும்னு இவுக சொல்லுதாக."

பின்கட்டிலிருந்து கணவர் எட்டிப் பார்த்தார். "பாட்டு கேட்டியேட்டி, இப்ப கேளு. நல்லாக் கேளு." பிறகு என்னிடம், "படிச்சவிய, நீங்க சொல்லுங்க சார். அந்தச் சிடிதானே?"

எங்கள் மூட்டை மேசைக்கருகில் இருந்தது. பென்டிரைவ் இன்னும் கணினியில் செருகியபடி இருந்தது. அவர்கள் இருவரும் அதைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார்கள்.

"இருக்கலாம்" என்றேன். "கண்ட சிடியையும் போட்டால் இப்படித்தான் ஆகும்."

அந்தப் பெண்மணி தலையாட்டினார், ஆசிரியர் சொன்னதை ஏற்றுக்கொள்வதுபோல. விடைபெறும்போது பென்டிரைவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

அலுவலகத்தில் நான் திருந்தினேன். முதலாளியிடம் வாதாடி மென்பொருளைப் பூட்டோடு வாங்க வைத்தேன். கணினியை முழுக்க அழித்துப் புதிதாக நிறுவச் செய்தேன். எந்தப் பென்டிரைவ் வந்தாலும் சோதிக்காமல் திறக்கக் கூடாது என்று விதி போட்டேன். எல்லா வடிவங்களுக்கும் மாதம் ஒரு பிரதி எடுத்து வேறொரு கட்டடத்தில் வைத்தோம். திருட்டு மென்பொருள் இலவசமாக வருவதில்லை, நம் காவலை நாமே நிறுத்த வேண்டும் என்பதுதான் அது கேட்கும் விலை என்று தொழிலில் பலரிடம் சொன்னேன். கேட்டவர்கள் என்னை விவரமானவர் என்றார்கள்.

அந்த முன்னறைக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பெண்மணி பழைய துணித் துண்டுகளை மடியில் பரப்பி, அவற்றிலுள்ள பூக்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்துத் திரும்ப வரைந்துகொண்டிருப்பார். ஜன்னல் வெளிச்சத்தில் நூல் பிசிறுகள் மிதக்கும். பாட்டு மட்டும் இல்லை. அவர் எந்தப் புதுக் கோப்பைத் திறந்தாலும் கணவர் வந்து பின்னால் நின்று பார்ப்பார். மூன்று வருடம் அப்படியே போயிற்று. பூக்களில் பாதி திரும்பி வந்தன. 'மழைக்கு முந்தின பூ' வரவில்லை. அதன் துண்டு யாரிடமும் இல்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாரம் போய் அவரிடம் சொன்னேன். சிடியையும், நான்கு வரிக் குறிப்பையும், அனுப்பாதீர்கள் என்று ஒருவர் சொல்லியும் அனுப்பியதையும். அவர் மடியிலிருந்த துணியை நாலாக மடித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எங்கிட்ட எதுக்கு சார் சொல்லுதிய?" என்றார். "எனக்குப் பூவு போச்சு, நான் வரைஞ்சுக்கிட்டேன். அவுகட்டப் போயிச் சொல்லுங்க. வீட்டக் கெடுத்தவன்னு என்னயத்தான் இன்னும் நெனச்சுக்கிட்டிருக்காக."

பின்கட்டுக்குப் போனேன். பன்னிரண்டு ஊசிகள் ஒன்றாக இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனாலும் முழுவதையும் சொல்லி முடித்தேன். பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது. கணவர் காதருகே கையை வைத்து, ஒன்றும் கேட்கவில்லை என்று தலையசைத்தார். பிறகு எட்டி இயந்திரத்தை நிறுத்தினார்.

"இப்பச் சொல்லுங்க சார்" என்றார்.

முன்னறையில் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. அவர் மனைவி எழுந்து கதவருகே வந்து நின்றார். முதல் வார்த்தையிலிருந்து மீண்டும் தொடங்கினேன்.