மூன்றாவது கையெழுத்து

1987 செப்டம்பர் 18, வெள்ளிக்கிழமை, காலை ஆறு நாற்பது. தூறல். வடக்கனந்தல் சாலையோரம் எங்கள் டிராக்டர் உறுமிக்கொண்டு நின்றது. டிரெய்லரில், என் வீட்டுக் கயிற்றுக் கட்டிலில், கல்வராயன் மலையிலிருந்து டோலி கட்டி இறக்கிய பெண் பிரசவ வலியில் முனகினாள். முந்தைய பிரசவத்தில் அவளுடைய முதல் குழந்தை மலை இறங்கும் வழியிலேயே இறந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் இந்த ஏற்பாட்டைச் செய்தோம். மலைக்காரர்கள் அடிவாரம் வரை தூக்கி வருவார்கள். ஊர்க் கரும்பு விவசாயி டிராக்டர் தருவார். காலனிக்காரர் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ஓட்டுவார். வாத்தியாரான நான் வண்டி போய்வருவதை எழுத நோட்டு வைத்திருந்தேன். ஆரம்பத்தில் இரண்டு முறை கல்யாணத்துக்கும் ஒரு முறை எரு அடிக்கவும் வண்டி போய்விட்டது. அதனால் மூன்று தரப்பும் கையெழுத்திட்டால்தான் நகரும் என்று விதி போட்டேன். நானேதான் போட்டேன்.

அன்று அவள் கணவன் கைநாட்டு வைத்தான். டிரைவரும் கையெழுத்திட்டார். மூன்றாமவரான விவசாயி இடஒதுக்கீட்டு மறியலில் இருந்தார். முந்தின நாளே கள்ளக்குறிச்சி சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள்.

"கையெழுத்து அப்பறம் வாங்கிக்கலாம் சார். எடுக்கட்டுமா?" என்றார் டிரைவர்.

"ரூல்னா ரூல்தான்" என்று விவசாயியின் கையெழுத்துக்காகச் சைக்கிளில் ஏறினேன். அந்த வாய்க்கொழுப்பை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

சாலையில் வெட்டிக் கிடந்த முதல் புளியமரத்தின் மேலேயே அவர் உட்கார்ந்திருந்தார். "இன்னா சார், மறியலுக்கும் நோட்ட எடுத்துகினு வந்துட்டீங்க?"

விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது. தான் வெட்டிய மரத்தின் மேல் நோட்டை வைத்துக் கையெழுத்திட்டார். "போட்டாச்சு. இந்த மரத்த வண்டி எப்படித் தாண்டும்? அதுவும் நோட்டுல எழுதி வச்சிருக்கீங்களா?"

கேட்டால் ஒதுக்குவார்கள் என்று நினைத்திருந்தேன். இருபது பேர் தள்ளினாலும் அசையாத அடிமரம். நான் போய்த் திரும்பியதில் முப்பத்து நான்கு நிமிடம் வீண்.

வழி கண்டுபிடித்தவர் அவர்தான். மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே, மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய மாட்டுவண்டிகள் முந்தின நாளிலிருந்து சிக்கிக் கிடந்தன. கிழங்கை இறக்கச் சொல்லி மரத்துக்கு மரம் ஆளனுப்பினார். டிராக்டரை முதல் மரம் வரை கொண்டுவந்து, கட்டிலை மரத்தைத் தாண்டித் தூக்கினோம். அந்தப் பக்கத்து வண்டியில் வைத்தோம். அடுத்த மரத்தில் மறுபடி தூக்கினோம். பதினோரு மரம், ஏழு வண்டி. வண்டி இல்லாத இடத்தில் தோள்.

இரண்டாவது வண்டிக்காரர் எங்கள் டிரைவரையே பார்த்தபடி, "என் வண்டியில யார் யார் ஏறுவீங்க?" என்று இழுத்தார்.

"நீ இன்னா கண்டக்டரா? டிக்கெட் கிழிக்கப் போறியா? கெழங்க எறக்குய்யா!" என்று விவசாயி சீறினார்.

எட்டாவது மரத்தில் கட்டிலின் ஒரு கால் முறிந்தது. "கீழ போட்றாதீங்கப்பா!" என்று அவள் அலறினாள். அங்கிருந்து ஆஸ்பத்திரி வரை நான்கு பேர் மாறி மாறிக் கட்டிலைத் தாங்கினார்கள். உள்ளே நுழைந்தது பத்து இருபதுக்கு. பெண் குழந்தை பிறந்தது பத்து முப்பத்தைந்துக்கு. இருவரும் பிழைத்தார்கள்.

"இவ்ளோ லேட்டாவா கூட்டியாருவீங்க?" என்று நர்ஸ் என்னைத் திட்டினார். முப்பத்து நான்கு நிமிடத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் அந்த விதியை நானே அடித்தேன். பிறகு முறிந்த கட்டிலை யார் சரிசெய்து தருவது என்ற பேச்சு வந்தது. தாங்கள் ஏற்றும்போது நன்றாகத்தான் இருந்தது என்றார்கள் மலைக்காரர்கள். டிராக்டரில் உடையவில்லை என்றார் டிரைவர். நோட்டில் கட்டிலே இல்லையே என்றார் விவசாயி. மூன்று தரப்பும் சண்டையில்லாமல் ஒத்துப்போன முதல் தீர்மானம் அது. கால், கயிறு, தச்சர் கூலி எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது முப்பத்தோரு ரூபாய் ஐம்பது காசு.