பேப்பர் கேட்கும் அன்னக்கொடி

கதவைத் தட்டினால் அன்னக்கொடி திறக்க மாட்டார். உள்ளேயிருந்தே, "யாரு? பேப்பர் இருக்கா?" என்பார். சிலிண்டர் கொண்டு வருபவர், ஓட்டுக் கேட்டு வருபவர், சொந்த மருமகன் என எல்லோருக்கும் இதே வரவேற்புதான். மருமகன் ஒரு தீபாவளிக்குத் தன் கல்யாணப் பத்திரிகையைக் காட்டித்தான் உள்ளே போனார்.

ஒரு அமெரிக்க ஆசிரியத் தம்பதி வீட்டில் அவருக்குப் பல வருடச் சமையல் வேலை. அந்த இருவரும் சாப்பாட்டு மேசையில் சண்டை போட்டதெல்லாம் அவர்கள் நாட்டு அரசியல் சட்டத்தைப் பற்றித்தானாம். கோர்ட்டு உத்தரவுப் பேப்பர் இல்லாமல் போலீஸ் வாசல்படி தாண்டக் கூடாது என்பது, ஊறுகாயில் உப்பு ஏறுவது போல இவருக்குள் ஏறிவிட்டது. "நாலாவது திருத்தம்" என்று அவர் சொல்லும் தோரணைக்கே வக்கீல் ஃபீஸ் கொடுக்கலாம். அது எந்த நாட்டுத் திருத்தம் என்பதைப் பற்றி மட்டும் அவர் கவலைப்பட்டதில்லை.

பக்கத்து வீட்டு மகாராணி நேர் எதிர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். கங்காணி குரல் கேட்டால் கதவு திறந்தாக வேண்டிய இடம் அது. "தொர வீட்டு ஆளு வந்தா தாப்பா போடக் கூடாதுங்க" என்பார். இங்கே கொடைக்கானல் நாயுடுபுரத்தில் யார் தட்டினாலும் ஓடிப்போய்த் திறந்து, கை கட்டி நிற்பார். அதே தெருவில் இருக்கும் எனக்கு எரிச்சலாக வரும்.

போன மாதம் மகாராணி கூட்டித் துடைக்கும் காட்டேஜில் ஒரு விருந்தாளியின் மோதிரம் காணாமல் போனது. விளக்கு வைக்கும் நேரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் அவரைக் கூட்டிப்போக வந்தார்கள். "வாரேங்க" என்று மகாராணி செருப்பையே மாட்டிவிட்டார். அன்னக்கொடி கையில் கரண்டியோடு வந்து குறுக்கே நின்றார்.

"பேப்பர் இருக்கா சார்? நாலாவது திருத்தம்."

இளையவர் சிரித்துவிட்டார். "அது அமெரிக்காவுலம்மா. இது கொடைக்கானல்."

தெருவே சிரித்தது, நானும்தான். அன்னக்கொடியின் முகம் சுருங்கியது. ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை.

"சரிங்க. அப்ப நம்ம சட்டத்துல என்ன கெடக்கு? நீங்களே சொல்லுங்க."

மூத்தவர் ஒருமுறை வானத்தைப் பார்த்தார். "பொழுது சாஞ்சா பொம்பளைங்களக் கூட்டிட்டுப் போகக் கூடாது" என்றார் மெதுவாக. "காலைல வெள்ளனே வரச் சொல்லுங்க."

காலையில் மகாராணியோடு பாதித் தெரு கிளம்பியது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் விருந்தாளியின் சோப்பு டப்பாவிலேயே மோதிரம் கிடைத்திருந்தது. ராத்திரியே கூட்டிப் போயிருந்தால் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

நேற்று அன்னக்கொடி குழம்புக் கிண்ணத்தோடு போய் மகாராணி வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே காலடிச் சத்தம் ஓடி வந்து, கதவருகே நின்றது. தாழ்ப்பாள் அசையவில்லை.

"யாருங்க?" என்றது மகாராணியின் குரல். "பேப்பர் இருக்குங்களா?"

அன்னக்கொடி கிண்ணத்தைப் படியில் வைத்து, முந்தானையால் மூடிக்கொண்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து காத்திருந்தார்.