அணைக்காத இஞ்சின்

பெட்ரோல் பிக்கப் வண்டி வாங்குவதா, கூடக் காசு போட்டு டீசல் வாங்குவதா என்று நான் குழம்பிக்கிடந்த எண்பதுகளில், பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு மளிகை ஏற்றிப்போன ஒருவரின் டீசல் பிக்கப்பில் ஏறினேன். ஒல்லி உடம்பு, சிவந்த கண். டீ குடிக்க இறங்கியபோதும் இஞ்சினை அணைக்கவில்லை.

காட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன்: “டீசலுக்கு அவ்வளவு காசு தரலாமுங்களா?”

“இந்தத் தடதட சத்தத்துக்கே தரலாமுங்க. தூரத்துலயே கேட்டு யானை ஒதுங்கிக்கும். பெட்ரோல் வண்டி சத்தமில்லாம அது முன்னாடி போயி நிக்கும்.”

அடுத்த வளைவில் இஞ்சின் நின்றுபோனது. பக்கத்திலேயே மூங்கில் முறிந்தது. சாவியைத் திருப்புவார் என்று பார்த்தால், என் வாயைப் பொத்தினார். “இவ்வளவு பக்கத்துல சத்தம் போட்டா மிரண்டு பாஞ்சிடுமுங்க” என்று காதோடு சொன்னார். யானை சாலையைக் கடந்த பிறகுதான் கையை எடுத்தார்.

நான் டீசலே வாங்கினேன். இஞ்சின் ஓடும்வரை பயமில்லை. நின்றால், அந்தக் கை இன்னும் என் வாயின்மேல் இருக்கிறது.